ஆடுது சார்!

சின்ன விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா? ஏர்பஸ், போயிங் சமாசாரம் இல்லை. இரண்டே பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் விமானம். கதவை அடித்துச் சாத்தினால் தகர டப்பா மூடுகிற சத்தம் வரும். ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டலாம். ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியதும் முதலில் புரிகிற விஷயம், இது ஆடுகிறது. நிற்கும்போது ஆடும். ஓடும்போது ஆடும். மேலே போனாலும் ஆடும். ஆடாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும், இன்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே, விமானம் ஆடுகிறதா என்பது கேள்வியே இல்லை. நேற்று ஆடாத மாதிரி இன்று ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. இதைக் கற்றுக்கொள்ள நான் கொஞ்சம் காசு செலவழித்திருக்கிறேன்.

1994-ல் நான் ஒரு வங்கியில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. மற்ற பேச்சிலர்கள் சீட்டுக் கட்டிப் பிளாட் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் போய்ச் சேர்ந்தேன். (எந்த ஊர், எந்த கிளப் என்று கேட்காதீர்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் நல்ல மனிதர்கள், சொன்னால் வருத்தப்படுவார்கள்.) அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, போறதுதான் போறே... ரொம்ப மேல போகாம, மெதுவாவே ஓட்டுடா" என்றாள். தாழ்வாக, மெதுவாக! விமானத்தில் ஆள் காலியாக இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஆனால் அம்மாவிடம் ஏரோடைனமிக்ஸ் பேச முடியுமா? "சரிம்மா" என்றேன்.

எங்கள் கிளப்பில் இருந்தது செஸ்னா 152. நாலு சிலிண்டர், 110 குதிரைசக்தி, முன்னால் இரண்டு இறக்கை வைத்த ப்ரொப்பெல்லர். எனக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டர் ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. அவருக்கு நான் 'மிஸ்டர் பேங்க்'. கடைசிவரை என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

எனக்கு மூன்றாவதோ நாலாவதோ பாடம். ரன்வேயில் ஓடி, மூக்கைத் தூக்கி, தரையை விட்டுக் கிளம்பினோம். கிளம்பின கையோடு காலுக்கடியில் தட தட தட என்று ஒரு உதறல். யாரோ கீழே உட்கார்ந்து தகரத்தைத் தட்டுகிற மாதிரி. "ஆடுது சார்!" என்றேன். கேப்டன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பிரேக் மிதியைக் காலால் லேசாக ஒரு அமுக்கு அமுக்கினார். சத்தம் பட்டென்று நின்றது.

விஷயம் இவ்வளவுதான். தரையை விட்ட பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால், 1.4 மீட்டர் சுற்றளவுள்ள அந்தக் குட்டிச் சக்கரம் நொடிக்கு 20 சுற்று சுற்றும். டயரின் ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்து கனம் மாறியிருந்தால், தரை தாங்குகிறவரை தெரியாது. காற்றில் தொங்கும்போது உதறும். நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சுற்று குறையக் குறைய உதறலும் தளர்ந்து தானாக நின்றுவிடும்.

"தானா அடங்கிப்போற ஆட்டம் சக்கரம். முதல் பாடம் இது" என்றார் கேப்டன்.

இரண்டாவது பாடம் அவருக்கே நடந்தது. ஒரு நாள் கிளம்பி வேகம் ஏற ஏற, வலது பக்கம் கதவுக்கு வெளியே டமார் டமார் என்று அடி. மரங்கொத்தி ஏறிவிட்டது மாதிரி. எனக்கு வயிறு கலங்கியது. கேப்டன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், அடியும் குறைந்தது. கூட்டினார், கூடியது. இன்ஜினை அதட்டினாலும் அடக்கினாலும் அது கண்டுகொள்ளவில்லை, காற்றின் வேகத்துக்கு மட்டும்தான் பதில் சொன்னது. நிதானமாக ஒரு சுற்று வந்து இறங்கிப் பார்த்தால், அவருடைய சீட் பெல்ட்டின் மிச்ச நுனி கதவிடுக்கு வழியாக வெளியே தொங்கி, காற்றில் பறந்து விமானத்தின் உடம்பை அடித்திருக்கிறது. பெயின்ட் உரிந்திருந்தது. கேப்டன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மிஸ்டர் பேங்க், இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். முப்பது வருடம் காப்பாற்றிவிட்டேன். இனி பரவாயில்லை.

இந்த இரண்டிலிருந்தே சூத்திரம் பாதி கிடைத்துவிட்டது. தானாக அடங்கினால் சக்கரம். காற்றின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் விமானத்தின் உடம்பில் ஏதோ ஒன்று. பெல்ட், கழன்ற மூடித்தகடு, சரியாகச் சாத்தாத கதவு, அல்லது இறக்கையில், வாலில் அசையும் பாகங்கள். பாக்கி ஒன்று இருக்கிறது. இன்ஜின் சுற்றோடு கூடிக் குறைகிற ஆட்டம். அதுதான் வில்லன்.

இன்ஜின் சமாசாரத்தில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான். நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் நொடிக்கு 40. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் கனமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு உதை, அதாவது நொடிக்கு 40 உதை. அது உடம்பில் ஒரு ரீங்காரம் மாதிரி ஏறும், பல் கூசும். நாலு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் கதை வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கிறது. ஆகவே நொடிக்கு 20 தடவை ஒரு பள்ளம். நாலு பேர் தூக்கிப் போகிற பல்லக்கில் ஒருத்தர் மட்டும் தோளை எடுத்துவிட்ட மாதிரி, மொத்த வண்டியும் தடுமாறும். பழகின மெக்கானிக் சீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார். கணக்குப் போட்டு அல்ல, பழக்கத்தில்.

சிலிண்டர் தடுமாறுவதற்கு எங்கள் இன்ஜினில் அடிக்கடி வரும் காரணம் பிளக். விமான பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அந்த ஈயம் சின்னச் சின்ன உருண்டையாகப் பிளக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். செஸ்னா 152-ன் இன்ஜினுக்கு இது ரொம்ப நாளைய வியாதி. அதனால்தான் விமான இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக மின்பொறி தர இரண்டு மேக்னெட்டோ. ஒன்று படுத்தாலும் மற்றது தூக்கிக்கொண்டு போகும். கிளம்புவதற்கு முன் 1700 சுற்றில் வைத்து, இடது மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டிப் பார்ப்போம், பிறகு வலதில் மட்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுற்று குறையும். 125-க்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் 50-க்கு மேல் வித்தியாசமும் கூடாது.

இன்னொரு காரணம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பனிக்கட்டி. நம் ஊர் வெயிலில், வியர்வை வழிகிற நாளில், கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிவிடுகிறது, குறுகலான கழுத்தில் காற்றும் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அங்கே ஐஸ் ஃபேக்டரி ஆரம்பித்துவிடும். அதற்காகவே சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது, இழுக்கலாம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணி. கிளப்பில் இரண்டு விமானம், அதில் ஒன்று ஏற்கெனவே படுக்கையில். மிச்சம் ஒன்றுக்கு வரிசையில் அஞ்சு பேர். நான் முதல். எனக்கு அடுத்து ஒரு பையன், பத்தொன்பது வயசு, அன்றைக்குத்தான் முதல் தடவை இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறக்கப் போகிறான். அதைப் பார்க்க அவனுடைய அம்மா டிபன் டப்பாவோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

நானும் கேப்டனும் கிளம்பினோம். சக்கரம் தரையை விட்டது. முந்நூறு அடி உயரம் இருக்கும், உதறல் ஆரம்பித்தது. இது தட தட இல்லை. பெடல் வழியாகக் காலில் ஏறி, சீட் வழியாக முதுகில் ஏறி, முன்னால் இருந்த மீட்டர்களின் எண்களெல்லாம் மசங்கிப் போயின. திரவத்தில் மிதக்கிற திசைகாட்டி நடுங்கியது. பிரேக்கை அமுக்கிப் பார்த்தார் கேப்டன். நிற்கவில்லை.

"ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்றார். நான் கையை எடுத்தேன்.

அடுத்து அவர் செய்த காரியம் எனக்கு அப்போது புரியவில்லை. ஒன்றுமே செய்யவில்லை! மூக்கை ஒரு சொட்டு இறக்கி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நேராகப் போனார். முதுகுக்குப் பின்னால் அவ்வளவு அழகான ரன்வே இருக்கிறது, எனக்கோ திரும்பிப் போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறது. அவர் சாவகாசமாக, "மிஸ்டர் பேங்க், இன்ஜின் இப்ப நின்னா எங்க இறங்குவோம்?" என்று கேட்கிறார்.

எதிரே வற்றிப்போன ஏரி தெரிந்தது. ஓரத்தில் பனைமரங்கள். "ஏரி சார்."

"குட். பாத்துக்கிட்டே இருங்க."

முந்நூறு அடியில் பின்னால் திரும்புவது என்பது பலரைக் கொன்ற ஆசை. திரும்பி ரன்வேயோடு நேராக வர 180 டிகிரி போதாது, அதற்கு மேலும் வளைய வேண்டும். விமானத்தைச் சாய்த்தால் அது தாங்கி நிற்கத் தேவையான வேகமும் ஏறிவிடும். கையிலோ உயரமும் இல்லை, வேகமும் இல்லை. இன்ஜின் இழுக்கிறவரை நேராக ஏறி உயரம் சேர்ப்பதுதான் லாபம். உயரம் என்பது பேங்கில் போட்ட பணம் மாதிரி, அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கலாம். (இந்த உவமை கேப்டனுடையது. என் உத்தியோகத்தை உத்தேசித்துச் சொன்னது.)

ஆயிரம் அடி வந்தது. மெள்ளத் திரும்பி, ரன்வே எங்கள் இடது பக்கம் கைக்கெட்டுகிற தூரத்தில் வருகிற மாதிரி இணையாகப் பறந்தோம். இன்ஜின் நின்றாலும் சறுக்கிக்கொண்டே போய் இறங்கிவிடலாம். ஆயில் பிரஷர் பார்த்தார், சரி. சூடு பார்த்தார், சரி. அதற்கப்புறம்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

முதல் கேள்வி. த்ராட்டிலைக் குறைத்து 2400-ல் இருந்து 2200-க்கு வந்தார். உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மறுபடி 2400, மறுபடி உதறல். "சுத்தோட வருது. குறிச்சுக்குங்க."

இரண்டாவது கேள்வி. சுற்றை அதே 2400-ல் வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றினார். இது கொஞ்சம் வித்தை. இந்த மாதிரி விமானத்தில் மூக்கைத் தூக்கினால் வேகத்தோடு சுற்றும் குறையும். த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டிப் பார்த்தார். உதறல் அப்படியே இருந்தது. "காத்து வேகத்தோட மாறலை. பாடி இல்ல."

மூன்றாவது, சூடான காற்றுக் குமிழ். இழுத்தார். வழக்கம்போல் கொஞ்சம் சுற்று குறைந்தது, அவ்வளவுதான். ஐஸ் இல்லை. குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பழைய நிலைமை திரும்பிவிட்டதா என்று ஒரு நிமிடம் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் நாலாவது. மேக்னெட்டோ, இடது மட்டும். பிறகு வலது மட்டும். இரண்டிலும் ஒரே மாதிரி லேசான சரிவு, தடுமாற்றம் இல்லை. பிளக்கும் நிரபராதி.

"அப்ப என்ன சார்?"

"சுத்தற சாமான் ஏதோ ஒண்ணு. ப்ரொப்பெல்லரோ, அதோட சேர்ந்ததோ. அதுக்கு மேல மேல இருந்துக்கிட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது இல்ல. அது கீழ இருக்கிறவர் வேலை" என்றார். த்ராட்டிலைக் குறைத்து அடங்கின சுற்றிலேயே வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட உயரமாக வந்து இறக்கினார். மொத்தம் ஆறேழு நிமிடம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றினதைத் திருப்பி வை, பிறகு அடுத்ததைத் தொடு. கேட்கும்போது சுலபமாக இருக்கிறது. இதில் சறுக்கியவர்கள் சாமானியர்கள் இல்லை. 1989 ஜனவரி 8-ம் தேதி லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குக் கிளம்பிய ஒரு போயிங் 737-400, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கடுமையாக உதற ஆரம்பித்தது. புகை நாற்றம் வந்தது. இடது இன்ஜினில் விசிறியின் ஒரு தகடு உடைந்திருந்தது. எந்த இன்ஜின் என்று கேப்டன் கேட்க, துணை விமானி 'இடது' என்று சொல்ல வாயெடுத்து 'வலது' என்று முடித்தார். வலது இன்ஜினைக் குறைத்தார்கள். ஆச்சரியம், உதறல் குறைந்தது! சரியான ஆளைத்தான் பிடித்தோம் என்று அந்த இன்ஜினை நிறுத்தியே விட்டார்கள்.

உதறல் ஏன் குறைந்தது? வலது இன்ஜினைக் குறைப்பதற்காக, த்ராட்டிலைத் தானே இயக்கும் ஆட்டோ த்ராட்டிலைத் துண்டித்திருந்தார்கள். அந்த வேகத்தில் இடது இன்ஜினுக்குப் போகிற எரிபொருளும் குறைந்து, அது தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. ஒன்றை மாற்றுவதாக நினைத்து இரண்டை மாற்றிவிட்டார்கள். இறங்க வரும்போது இடது இன்ஜினுக்கு வேகம் கொடுத்தார்கள், அது போயே போய்விட்டது. ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், கெக்வொர்த் கிராமத்தருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்துபோனார்கள். இடது பக்கம் நெருப்பு வருவதைப் பயணிகளில் சிலர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வலது இன்ஜின் என்று கேப்டன் மைக்கில் சொன்னபோது குழம்பினார்கள். ஆனால் விமானிக்குத் தெரியாதா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். கேப்டன் இறங்கியதும் பாத்ரூம்கூடப் போகவில்லை. நேரே லாக் புத்தகத்தை எடுத்து நாலு வரி எழுதினார். எனக்கு மனப்பாடம். கிளம்பி 300 அடியில் உதறல் ஆரம்பம். 2200-க்கு மேல் கூடுகிறது, கீழே அடங்குகிறது. காற்று வேகம், கார்புரேட்டர் சூடு, மேக்னெட்டோ எதோடும் மாறவில்லை. ஆயில் பிரஷர், சூடு சரி.

அதற்குள் கிளப் மேனேஜர் வந்துவிட்டார். வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். இன்ஜினைத் தரையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். 1700 சுற்றில் ஓட்டினார்கள். வெண்ணெய் மாதிரி ஓடியது.

"ஒண்ணுமே இல்லியே கேப்டன்! காத்தா இருந்திருக்கும். அடுத்த பையனை அனுப்பிடலாமா?"

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் உள்ள மெயின்டனன்ஸ் இன்ஜினீயர். அறுபதை நெருங்கினவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருக்கும். மூக்குப்பொடி போடுவார். அதிகம் பேச மாட்டார். அவர் லாக் புத்தகத்தை வாங்கி அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார்.

"ஆயிரத்து எழுநூறுல ஓட்டிக் காட்டறீங்க. இவர் ரெண்டாயிரத்து இருநூறுக்கு மேலன்னு எழுதியிருக்காரே" என்றார்.

பிரேக்கை அழுத்திப் பிடித்து, முழு த்ராட்டில் கொடுத்து ஓட்டினார்கள். லேசாக ஒரு நடுக்கம் வந்தது. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

"இது எப்பவுமே இருக்கிறதுதானே சார்" என்றார் மேனேஜர். குரலில் கெஞ்சலும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருமானத்தில்தான் கிளப் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

"கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கழட்டினாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் ஒரே ஒரு சர்க்யூட் அந்தப் பையன்..."

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். பொடி டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போய்விட்டார்.

ப்ரொப்பெல்லருக்கு நடுவில் ஒரு கூம்பு பார்த்திருப்பீர்கள், கோன் ஐஸ்கிரீமைப் படுக்க வைத்த மாதிரி. ஸ்பின்னர் என்பார்கள். முதலில் ப்ரொப்பெல்லர் இறக்கைகளின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். கல் தெறித்த சின்ன வெட்டுகூட அங்கே விஷம். 69 அங்குலக் குறுக்களவு, 2400 சுற்று என்று கணக்குப் போட்டால் நுனி மணிக்கு 790 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வெட்டு விரிசலாகி, விரிசல் முறிந்து, ஒரு நுனி மட்டும் போய்விட்டால் மிச்சம் இருக்கிற சமனில்லாத ஆட்டத்தில் இன்ஜினே பிடுங்கிக்கொண்டு போகும். அதனால்தான் வெட்டு தெரிந்த அன்றே அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிடுவார்கள். எங்கள் ப்ரொப்பெல்லரில் அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூம்பை எடுத்தார். கூம்பைத் தாங்குகிற பின்தட்டு மேல் ஒரே பிசுக்கு. பெட்ரோல் நனைத்த வேஸ்ட் துணியால் துடைத்தார். "தம்பி, இங்க வாங்க" என்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். நகம் இடறியது. ஒரு ஸ்க்ரூ துளையிலிருந்து அடுத்த ஸ்க்ரூ துளை வரைக்கும், தலைமயிர் மாதிரி ஒரு விரிசல். அதன் ஓரமெல்லாம் கறுப்பாக மாவு. உலோகமும் உலோகமும் உரசி உதிர்ந்த மாவு.

"நிக்கறப்போ மூடிக்கிட்டு இருக்கும். மெதுவாச் சுத்தினா தெரியாது. வேகம் ஏறினா வாய் திறக்கும், கூம்பு ஒரு பக்கமா ஒதுங்கும். அதான் உங்களுக்கு ஆடியிருக்கு" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இன்னிக்கே போயிருக்கும்னு சொல்ல மாட்டேன். என்னிக்காவது கழண்டு போகும். முன்னால இருந்து கழண்டா எங்க சார் போகும்? பின்னாலதான். பின்னால கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால யார் உக்காந்திருக்கா?"

மேனேஜர் பதில் சொல்லவில்லை. எல்லோருமே ஒரு கணம் வேப்பமரத்தடியைப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. "இன்னிக்கு இல்லையாம்மா" என்று பையன் போய்ச் சொல்ல, "பரவால்லடா, இட்லி ஆறிடப் போவுது, சாப்பிடு" என்று டப்பாவைத் திறந்தார். அவன் தட்டில் இருந்து எனக்கும் இரண்டு இட்லி கிடைத்தது. சில வாரங்கள் கழித்துப் புதுப் பின்தட்டு வந்தது. அவன் தனியாகப் பறந்து, நன்றாகவே இறக்கினான்.

ஒரு பின்தட்டு விரிசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். அமெரிக்காவில் லாக்ஹீட் எலெக்ட்ரா என்று நாலு ப்ரொப்பெல்லர் விமானம் ஒன்று இருந்தது. 1959 செப்டம்பரில் டெக்ஸஸில் ஒன்று நடுவானில் இறக்கை பிய்ந்து விழுந்தது, 34 பேர் பலி. ஆறு மாதம் கழித்து 1960 மார்ச்சில் இண்டியானாவில் இன்னொன்று, 63 பேர். துருவித் துருவிப் பார்த்ததில் கிடைத்த விடை: இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் போதும், சுற்றுகிற ப்ரொப்பெல்லர் பம்பரம் மாதிரித் தலை சுற்ற ஆரம்பிக்கும். அந்தத் தாளம் இறக்கையின் இயல்பான தாளத்தோடு ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி விடுகிற மாதிரி ஏறிக்கொண்டே போய் இறக்கையையே முறித்துவிடும். பிடிப்பைப் பலப்படுத்தி முடிக்கிறவரை அந்த விமானங்களை வேகம் குறைத்துத்தான் ஓட்ட அனுமதித்தார்கள். சின்னத் தளர்ச்சிதான் ஆரம்பம்.

இப்போதெல்லாம் சின்ன விமானங்களிலும் ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியாகக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ப்ரொப்பெல்லரில் எந்தப் பக்கம் எத்தனை கிராம் வைத்தால் சமனாகும் என்று பெட்டி ஒன்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஆனாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல அந்தப் பெரியவருக்குத் தைரியம் கொடுத்தது அந்த நாலு வரி என்றுதான் நினைக்கிறேன். 'விமானம் ஆடுகிறது' என்று மட்டும் கேப்டன் எழுதியிருந்தால், 1700 சுற்றில் ஓட்டிக் காட்டிக் கேஸை மூடியிருப்பார்கள். எப்போது ஆரம்பித்தது, எதோடு மாறியது, எதோடெல்லாம் மாறவில்லை என்று இருந்ததால் மறுக்க ஒரு பிடி கிடைத்தது. அதிலும் அந்த 'மாறவில்லை' என்ற வரிக்கு மதிப்பு அதிகம். அத்தனை இடத்தில் தேடுகிற வேலை மிச்சம்.

ஆபீஸில் நம் புகார்களை யோசித்துப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் சரியில்லை.' 'கணக்கு டேலி ஆகலை.' டாக்டரிடம் போனால், 'ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்.' எந்த மாதிரி?

எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. கல்யாணமும் ஆனது. இரண்டையும் ஒரு கிளார்க் சம்பளத்தில் வைத்துப் பராமரிக்க முடியவில்லை, லைசென்ஸ் காலாவதியானது. ஆனால் பழக்கம் போகவில்லை. உங்கள் பைக் ஆடினால் நீங்களும் செய்து பார்க்கலாம். ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் நிறுத்தி முறுக்குங்கள். அப்போதும் ஆடினால் இன்ஜினோ அதன் பிடிப்போ. காலியான ரோட்டில் ஓடும்போது கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் அடங்கியும் ஆட்டம் அடங்காவிட்டால் சக்கரம், டயர், பேரிங். பிரேக் போட்டால் மட்டும் ஆடினால் டிரம் அல்லது டிஸ்க். ஒரு சமயத்தில் ஒன்று.

போன மாதம் என் ஸ்கூட்டரை ஷெட்டுக்குக் கொண்டுபோய், "நாற்பத்தஞ்சு தாண்டினா ஆட்டம். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் குறையலை. நின்னுக்கிட்டு முறுக்கினா இல்ல. பிரேக்குக்கும் சம்பந்தமில்ல" என்றேன். மெக்கானிக் பையன் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பேரிங்தான் என்று தலையாட்டினான். பிறகு மரியாதையாகக் கேட்டான்:

"சார் இதுக்கு முன்னாடி எந்த ஷெட்டுல இருந்தீங்க?"